மறதி, நடைத்தடுமாற்றத்துடன் வருவோருக்கு வைட்டமின் பி12 பரிசோதனையைக் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மறதிநோய் என்று தவறாகக் கணிக்கப்பட்ட ஒருவரின் மகள்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை

பொருள்: மறதிநோய் என முடிவு செய்வதற்கு முன் வைட்டமின் குறைபாட்டைச் சோதிப்பதை நடைமுறையாக்குதல், மூளை வலிமைக்கு என விற்கப்படும் வைட்டமின் மாத்திரைகளை நெறிப்படுத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 68 வயதான என் அம்மா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கியபோது, வயதானால் மறதி வரத்தான் செய்யும் என்று சொல்லி இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை, மறதிநோயின் தொடக்கம் என்று எழுதி மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் மறதிக்கு முன்பே அவருடைய கால்களில் மாற்றம் தெரிந்திருந்தது. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அது தெரியாமல் அவர் வெறுங்காலோடு நாலைந்து அடி போயிருப்பார். முகம் கழுவக் கண்ணை மூடினால் உடல் ஒருபக்கம் சாயும், சுவரைப் பிடித்துக்கொள்வார். இவற்றையும் சொன்னோம். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

பதினான்கு மாதங்கள் கழித்து வேறொரு மருத்துவர், இசைக்கவையைத் தட்டி அம்மாவின் கணுக்காலில் வைத்து, அதிர்வது தெரிகிறதா என்று கேட்டார். "எது அதிர்கிறது?" என்று அம்மா திருப்பிக் கேட்டார். அன்றே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பி12 மிகவும் குறைந்திருந்தது. ஊசி போடத் தொடங்கிய சில மாதங்களில் பேச்சும் நினைவும் பெருமளவு திரும்பின. பாதங்களின் மரப்பு மட்டும் இன்றுவரை விடவில்லை. அந்தப் பதினான்கு மாதங்கள் இன்னொரு குடும்பத்துக்கு வீணாகக் கூடாது என்பதற்காகவே இந்த மனுவை எழுதுகிறேன்.

நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் என்னும் உறை சிதையாமல் இருக்க பி12 தேவை. அது நீண்டநாள் குறைந்தால் தண்டுவடத்தின் பின்பகுதியிலும் பக்கவாட்டிலும் உள்ள நரம்புப் பாதைகள் சிதைகின்றன. பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற உணர்வு போகிறது, நடை தடுமாறுகிறது, சிலருக்கு நினைவும் மனநிலையும் கெடுகின்றன. ரத்தசோகை இல்லையென்றால் பி12 குறைபாடும் இருக்காது என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. அம்மாவின் விஷயத்தில் தடையாக நின்றதும் அதுதான். பி12 குறைபாட்டால் நரம்பு, மனநலப் பாதிப்புக்கு உள்ளான 141 பேரை ஆராய்ந்து 1988இல் வெளியான ஆய்வில், 40 பேருக்கு ரத்தசோகையோ சிவப்பணுக்கள் பெருத்திருப்பதோ காணப்படவில்லை. அதோடு, ஃபோலேட் என்னும் பி வைட்டமினின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு ரத்தசோகை சரியாகிவிடக்கூடும். நரம்புச் சிதைவோ உள்ளுக்குள் தொடரும்.

யாருக்கு இந்த ஆபத்து அதிகம் என்பது தெரிந்த செய்திதான். வயது ஏற ஏற, உணவிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்கும் இரைப்பையின் திறன் குறைகிறது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் ஆண்டுக்கணக்கில் எடுக்கப்படும்போது பி12 உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. அம்மா இரண்டையும் பதினோரு ஆண்டுகளாக எடுத்துவந்தார். மெட்ஃபார்மின் எடுப்போரிடம் குறைபாட்டின் அறிகுறி தெரிந்தால் பி12 அளவைப் பார்க்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் அறிவுறுத்தியது. பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் லெவோடோபாவும் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருளின் அளவை உயர்த்தக்கூடியது. பி12, ஃபோலேட் குறைந்தாலும் ஏறுவது அதே பொருள்தான்.

இங்கே ஒன்றைக் கவனமாகப் பிரித்துச் சொல்ல விரும்புகிறேன். குறைபாட்டால் வரும் நரம்புப் பாதிப்பு வேறு. அல்சைமர் போன்ற மறதிநோய்களோடு வைட்டமின் அளவுக்கு இருக்கும் தொடர்பு வேறு. ஹோமோசிஸ்டீன் லிட்டருக்கு 14 மைக்ரோமோலுக்கு மேல் இருந்தவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்று, 1,092 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 2002இல் காட்டியது. லேசான நினைவுக்குறைவு இருந்த 70 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஃபோலிக் அமிலம், பி12, பி6 மூன்றையும் இரண்டு ஆண்டுகள் கொடுத்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் மூளை சுருங்கும் வேகம் சுமார் 30 விழுக்காடு குறைந்தது என்று 2010இல் வெளியானது; ஹோமோசிஸ்டீன் அதிகம் இருந்தவர்களிடம் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது. வைட்டமின் டி மிகவும் குறைந்திருந்த முதியோருக்கு மறதிநோய் வாய்ப்பு இருமடங்குக்கு மேல் என்று 1,658 பேரிடம் நடத்திய ஆய்வு 2014இல் கூறியது.

இவற்றைப் படித்தபோது, எல்லோருக்கும் வைட்டமின் கொடுத்தால் போதுமே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது சரியல்ல. நோய் தொடங்கியவர் வெளியே போவதும் சரியாகச் சாப்பிடுவதும் குறைந்துவிடும். அதனாலேயே வைட்டமின் குறைந்திருக்கலாம். குறைபாடு இல்லாதவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் நினைவாற்றல் மேம்படவில்லை. நினைவாற்றல் சரிவைத் தடுக்க பி, ஈ வைட்டமின்களைப் பரிந்துரைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2019இல் வழிகாட்டியிருக்கிறது. ஆகவே எல்லோருக்கும் மாத்திரை வழங்குங்கள் என்று நான் கேட்கவில்லை; குறைபாடு உள்ளவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்று கேட்கிறேன்.

தேவையில்லாமல் எடுப்பதால் கேடும் உண்டு. பி6ஐ நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம் வரை எடுத்த ஏழு பேர் உணர்வு நரம்புகள் பாதிக்கப்பட்டு நடக்கவே சிரமப்பட்டது 1983இல் பதிவானது. நரம்புக்கு நல்லது என்று நம்பி வாங்கும் மாத்திரையே நரம்பைக் கெடுக்கக்கூடும் என்பது, அதை வாங்கும் முதியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனவே, மறதி, குழப்பம், பாத மரப்பு, நடைத்தடுமாற்றம் ஆகியவற்றில் எதனுடன் வந்தாலும், 60 வயதைக் கடந்த எவருக்கும் மறதிநோய் என்று எழுதுவதற்கு முன் பி12, ஃபோலேட், தைராய்டு பரிசோதனைகளைச் செய்தாக வேண்டும் என்று அனைத்து அரசு மருத்துவமனைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன். ரத்தசோகை இல்லை என்ற காரணத்தால் பி12 பரிசோதனையை மறுக்கக் கூடாது என்ற வரி அதில் தெளிவாக இடம்பெற வேண்டும். முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தால், பி12 குறையும்போது ரத்தத்தில் ஏறும் மீத்தைல்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் ஆகியவற்றின் அளவுகளைப் பார்க்க மாவட்ட அளவிலான ஆய்வகங்களிலாவது வசதி செய்ய வேண்டும்; அறிகுறி கடுமையாக இருப்பவருக்கு அந்த முடிவு வரும்வரை ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

மெட்ஃபார்மினையும் அமிலம் குறைக்கும் மாத்திரைகளையும் நீண்டகாலம் பெறுவோரின் மருந்துக் கையேட்டில், கடைசியாக பி12 பார்த்த தேதிக்கென ஒரு கட்டம் சேர்க்கலாம். கட்டம் காலியாக இருந்தால், மருந்து கொடுப்பவரே மருத்துவரிடம் நினைவூட்ட முடியும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

மூளை வலிமை, நினைவாற்றல் என்று விளம்பரப்படுத்தி விற்கப்படும் வைட்டமின் மாத்திரைகளின் அட்டையில், குறைபாடு இல்லாதவர்களிடம் இந்தப் பலன் நிறுவப்படவில்லை என்பதையும், பி6 சேர்ந்திருந்தால் அதன் அளவையும் நரம்புப் பாதிப்பு எச்சரிக்கையையும் எளிதில் படிக்கும் எழுத்தில் அச்சிட உத்தரவிட வேண்டும்.

கடைசியாக, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இது குறித்து ஒருநாள் பயிற்சியாவது அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். செருப்பு கழன்றது தெரியவில்லை என்று ஒரு மகள் சொல்லும்போது, அதை மருத்துவ அறிகுறியாக எழுதிக்கொள்ள அந்தப் பயிற்சி கற்றுத்தர வேண்டும்.

அம்மாவின் பரிசோதனை அறிக்கைகளின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். தேவைப்பட்டால் நேரில் வந்து விளக்கவும் தயாராக இருக்கிறேன். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: ரத்தப் பரிசோதனை, நரம்புப் பரிசோதனை அறிக்கை நகல்கள்