உலைக்குப் போகும் முன் ஒரு வரைபடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் அக்காள் பேரன் தன் கைப்பேசியில் ஒரு கத்தியின் படத்தைக் காட்டி, "தாத்தா, இதை அப்படியே திருப்பாச்சேத்தியில் அடித்து வாங்கித் தர முடியுமா?" என்று கேட்டான். நண்பர்களோடு தோப்பிலும் மலையடிவாரத்திலும் கூடாரம் போட்டுத் தங்குகிறவன் அவன். விறகு பிளக்க, முள் கழிக்க, கயிறு அறுக்க, காய் நறுக்க என்று எல்லாவற்றுக்கும் உதவும் முகாம் கத்தி ஒன்று தனக்கென்று வேண்டும் என்பது அவன் ஆசை. ஆசையில் தவறில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருந்த கத்திக்கு இருபுறமும் வாய் (வெட்டும் விளிம்பு), முதுகில் பாதி நீளத்துக்கு ரம்பப் பல், நுனியோ ஈட்டிபோல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு சுள்ளியைக்கூட ஒழுங்காகச் சீவ முடியாது. முப்பது ஆண்டுகள் தொழிற்பயிற்சி நிலையத்தில் இயந்திர வரைபடம் கற்பித்தவன் என்ற முறையில், முதன்முதலாகக் கத்தி செய்ய அல்லது செய்விக்க நினைக்கும் இளைஞர்களுக்குச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

முகாம் கத்தியின் முதுகு மழுங்கலாகத்தான் இருக்க வேண்டும். விறகு பிளக்கும்போது அலகை மரத்தின் தலையில் வைத்து, முதுகின் மேல் ஒரு கட்டையால் தட்டுகிறோம். மெல்லிய வேலைக்கு இடது கைப் பெருவிரலை முதுகில் ஊன்றி அழுத்துகிறோம். முதுகிலும் வாய் வைத்தால் இந்த இரண்டு வேலையும் போய்விடும், கையும் போகும். ரம்பப் பல்லோ தட்டுகிற கட்டையைக் கடித்துக் குதறுமே தவிர, மரத்தை அறுக்காது. எனவே ஒரு தாளை எடுத்து, இந்தக் கத்தி செய்ய வேண்டிய வேலைகளையும் செய்யக்கூடாத வேலைகளையும் முதலில் எழுத வேண்டும். மண் தோண்டுவது, கல்லை நெம்புவது, தகர டப்பாவை உடைப்பது ஆகியவை இரண்டாவது வரிசையில் இருக்க வேண்டும். நம்மூர் அரிவாளின் வளைவு யாரோ அழகுக்காக வைத்ததன்று. கிளையை இழுத்து வாய்க்குள் சேர்ப்பதற்காகவும், எடையை முன்பக்கம் தள்ளுவதற்காகவும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து வளைத்தது அது.

அடுத்து, வரைபடத்தைப் பிடியிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலானோர் அலகை ஆசையாக வரைந்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் பிடியைச் சொருகுகிறார்கள். உள்ளங்கையின் அகலத்தை அளந்து, அதைவிட மூன்று சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டால் பிடியின் நீளம் கிடைக்கும். பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் வரும். குறுக்குவெட்டு உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவத்தில் இருந்தால், இருட்டிலும் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கைக்குத் தெரியும். வியர்த்த கையிலும் கத்தி புரளாது. பின்முனை சற்றே தடித்துக் கீழ்நோக்கி வளைந்திருந்தால், வீசும்போது கத்தி நழுவிப் பறக்காது. இவற்றையெல்லாம் கண்ணால் முடிவு செய்ய முடியாது. அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு பலகைத் துண்டில் செதுக்கி, அந்த மரக் கத்தியைக் கையில் பிடித்துக் கால் மணி நேரம் வீசிப் பார்க்க வேண்டும். எங்கே உறுத்துகிறதோ அங்கே அரத்தை வைக்க வேண்டும். இரும்பில் செய்தபின் திருத்துவதைவிட மரத்தில் திருத்துவது எவ்வளவோ எளிது.

நான் இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு நானும் ஒரு கத்தியை வரைந்து, கொல்லுப்பட்டறையில் கொடுத்து அடித்து வாங்கினேன். வரைபடம் மிகச் சுத்தமாக இருந்தது. அலகு முடிந்து பிடிக்குள் செல்லும் வால் பகுதி தொடங்கும் இடத்தில், சதுர அரத்தால் ராவியது போன்ற கச்சிதமான செங்கோணம். சிறுமலை அடிவாரத்தில் ஒரு நண்பரின் தோப்பில் காய்ந்த சீமைக்கருவேல முட்டு ஒன்றில் அலகை வைத்து முதுகில் தட்டினேன். மூன்றாவது தட்டில் அலகு மரத்திலேயே நின்றுவிட்டது. பிடி மட்டும் என் கையில் இருந்தது. ஒடிந்த இடத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, முழுவதும் வெளிர் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருக்க, அந்தச் செங்கோண மூலையில் மட்டும் நகக்கண் அளவுக்குக் கறுப்புப் பிறை ஒன்று தெரிந்தது. காய்ச்சிய இரும்பை முக்கி இறுக்கும் தோய்ச்சலின்போதே அங்கே கீறல் விட்டு, உள்ளே கறுத்துப்போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பெரியவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இரும்பு எப்பவும் முக்குலதான் ஒடியும். முக்கு வைக்காதீங்க, உருட்டி விடுங்க" என்றார். அவர் வரைபடத்தை மீறி எதுவும் செய்யவில்லை. முன்பே அவரிடம் நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். உட்புற மூலை எதுவானாலும் குறைந்தது ஐந்து மில்லிமீட்டர் ஆரத்தில் வளைக்க வேண்டும் என்று அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன்.

எடையையும் தாளிலேயே கணக்கிடலாம். எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிராம். 20 சென்டிமீட்டர் நீளம், சராசரியாக 4.2 சென்டிமீட்டர் அகலம், சராசரியாக 3.2 மில்லிமீட்டர் கனம் கொண்ட அலகு 210 கிராம் அளவுக்கு வரும். பிடியின் முழு நீளத்துக்கும் செல்லும் வால் சுமார் நூறு கிராம், மரமும் பித்தளை ஆணிகளும் சேர்ந்து எண்பது. ஆக மொத்தம் நானூறுக்குச் சற்றுக் குறைவு. நாள் முழுதும் இடுப்பில் சுமக்கவும் கிளை வெட்டவும் இது போதும். முதுகின் கனம் பிடியருகே ஐந்து மில்லிமீட்டரில் தொடங்கி நுனியை நோக்கி மூன்றாகக் குறைய வேண்டும். விரல் மேல் கத்தியை நிறுத்தினால், பிடிக்கு ஓர் அங்குலம் முன்னால் அது சமநிலையில் நிற்க வேண்டும்.

அளவுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை, வீட்டு, விவசாய, தொழில், அறிவியல் பயன்பாட்டுக்காக வடிவமைத்தவை நீங்கலாக, ஆயுத வகையில் சேர்க்கின்றன. மேலே சொன்ன அலகு எட்டு அங்குலத்துக்கும் குறைவு; அகலமும் இரண்டு அங்குலத்துக்குள் அடங்கும். அதற்காக எங்கும் கொண்டுபோகலாம் என்று நினைத்துவிடக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் கத்தியும் அடங்கும்; எழுத்துப்பூர்வ அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் அதை எடுத்துச் செல்ல முடியாது. கொடைக்கானல் சரணாலயத்துக்கோ மேகமலைக்கோ போகிறவர்கள் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். முகாம் கத்தி சொந்தத் தோப்புக்கும் உரியவர் அனுமதித்த இடத்துக்கும் உரிய கருவி.

இனி, இரும்பைப் பற்றி. கட்டடக் கம்பியும் பாத்திரம் செய்யும் எவர்சில்வர் தகடும் எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய அளவு இறுகாது. லாரியின் அடியில் அதிர்ச்சியைத் தாங்கும் கமான் பட்டை நல்ல எஃகு. அரை சதவீதம் அல்லது சற்றுக் கூடுதலான கரி (கார்பன்) அதில் உண்டு. ஆனால் பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்த பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். ஆகவே முதல் கத்திக்குப் புதிய பட்டைத் துண்டை வாங்குவது நல்லது. அதிலும் ஒரு சிறு துண்டைக் காய்ச்சித் தோய்த்து, துணியில் சுற்றி ஒடித்துப் பார்க்க வேண்டும். ஒடிந்த இடம் பட்டுப்போல் நுண்மையாக இருந்தால் சரி; ரவைபோல் மினுமினுத்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். காய்ச்சிய இரும்பில் காந்தம் ஒட்டாமல் போகும் நிலை ஏறத்தாழ 770 பாகை செல்சியஸ். அதற்குமேல் இன்னும் சற்றுச் சிவந்தபின் எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் உள்ள கடலை எண்ணெயில் தோய்த்தால் கமான் பட்டைக்குப் போதும். தண்ணீர் வேண்டாம். அந்த நேரத்தில் வாய் ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு இருக்க வேண்டும். முன்பே மெல்லியதாக ராவிவிட்டால் அலகு கோணிக்கொள்ளும். தோய்த்தபின் வைக்கோல் நிறம் வரும் வரை இளஞ்சூட்டில் இரண்டு முறை பதப்படுத்தியாக வேண்டும். இதைத் தவிர்த்தால் கத்தி கண்ணாடிபோல் உடையும். பிடிக்குப் புளியோ பூவரசோ நன்றாக ஆறியதாக இருக்கட்டும். பச்சை மரம் மதுரைக் கத்திரி வெயிலில் சுருங்கி ஆணிகளைத் தளர்த்திவிடும்.

இவ்வளவையும் ஒருவரே கற்றுச் செய்துவிட முடியாது, செய்யவும் வேண்டியதில்லை. மதுரையிலிருந்து மானாமதுரைச் சாலையில் போனால் திருப்பாச்சேத்தி. உலையின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லும் கைகள் அங்கே இருக்கின்றன. ஆனால் 2021 செப்டம்பரில் ரவுடிகளுக்கு எதிராகக் காவல்துறை நடத்திய தேடுதல் வேட்டையை ஒட்டி, கத்தி, அரிவாள் விற்போர் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. அந்த நிலையில், கைப்பேசியில் போர்க் கத்தியின் படத்தை நீட்டும் இளைஞனைக் கண்டு பட்டறைக்காரர் தயங்குவது இயற்கை. அளவுகளும் பயன்பாடும் எழுதிய வரைபடத்தோடும் மர மாதிரியோடும் போனால், அவர் உட்கார வைத்துப் பேசுவார். "இந்த வளைவைக் குறைச்சுக்கலாம்" என்பார். அந்தப் பேச்சுக்கும் கூலி உண்டு என்று நாம் கருத வேண்டும். இரும்பின் எடைக்கும் அடித்த நேரத்துக்கும் மட்டும் கணக்குப் போட்டு, அவர் சொன்ன திருத்தத்தை இலவசமாக வாங்கிக்கொள்வது எனக்கு மிகவும் வருத்தம் தரும் வழக்கம்.

மதுரை, சிவகங்கை மாவட்டங்களின் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் வார இறுதியில் உலை வேலைக்கும் கருவி வரைபடத்துக்கும் குறுகிய காலப் பயிற்சி ஒன்றைத் தொடங்கி, இந்தக் கொல்லர்களையே மதிப்பூதியம் கொடுத்துப் பயிற்றுநர்களாக அழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் கதிர் அரிவாள், கொக்கி அரிவாள், பாளை சீவும் கத்தி போன்ற நம் கருவிகளின் அளவு வரைபடங்களை வாரம் ஒன்றாக வெளியிட்டால், அவற்றைச் செய்தவர்களின் விளக்கத்தோடு வெளியிட்டால், என்னைப் போன்றவர்கள் வரைந்து தரக் காத்திருக்கிறோம்.

என் அக்காள் பேரன் தன் படத்தை விட்டுவிட்டான். அவன் செதுக்கிய மூன்றாவது மரக் கத்தி என் மேசை மீது இருக்கிறது. வால் தொடங்கும் இடத்தை வளைத்திருக்கிறான். பிடியின் பின்முனை இன்னும் உள்ளங்கையில் உறுத்துவதாகச் சொன்னதால், ஞாயிற்றுக்கிழமை மீண்டும் அரத்தோடு உட்காரப் போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைபடப் பயிற்றுநர்,
திருநகர், மதுரை.