டொரண்டோவில் கொட்டமுத்து எண்ணெய்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவை ராத்திரி திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஜமைக்கா அம்மா கொடுத்தார்கள் என்றாயே, அந்தக் கறுத்த எண்ணெய் பாட்டில். "வாசம் நம்ம விளக்கெண்ணெய் மாதிரியே இருக்கும்மா, ஆனா ஏன் இவ்வளவு கறுப்பு, தடவலாமா" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாப்பா அழுததும் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், அவள் தூங்கும்போது நிதானமாகப் படி.

அது நம் விளக்கெண்ணெய்தான். பார்க்கப்போனால் கடையில் வெளிர் மஞ்சளாகக் கிடைப்பதைவிட அதுதான் அம்மாயி காய்ச்சியதுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஆத்தூர்ப் பக்கம் நம் தோட்டத்தில் மஞ்சளுக்கும் கடலைக்கும் வரப்போரமாக ஆமணக்கு நிற்கும், இலை தின்னும் புழு முதலில் அதில் போய் ஏறிக்கொள்ளும் என்று வைப்பார்கள். காய்களைப் பறித்து வாசலில் காயப்போட்டால் வெயிலில் பட்பட்டென்று வெடித்து முத்து சிதறும், நாங்கள் ஓடி ஓடிப் பொறுக்குவோம். அம்மாயி அந்தக் கொட்டமுத்தை மண்சட்டியில் வறுத்து, உரலில் இடித்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கிளறிக்கொண்டே இருப்பாள். எண்ணெய் மேலே மிதந்து வரும். அகப்பையால் அதை மட்டும் வழித்து எடுத்து, வேறொரு சட்டியில் ஊற்றித் திரும்பக் காய்ச்ச, சடசட சத்தம் அடங்கினால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். வறுத்ததால் வருவதுதான் அந்தப் பழுப்பு நிறமும் கருகல் வாசமும். ஜமைக்காவிலும் வறுத்து, இடித்து, வேகவைத்துத்தான் எடுக்கிறார்களாம். ஆமணக்குக்குப் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா என்பார்கள், அங்கிருந்து அது எப்படியெல்லாமோ உலகம் சுற்றி, கடைசியில் உன் பக்கத்து வீட்டு அடுப்படியிலும் நம் அடுப்படியிலும் ஒரே வேலையாக நிற்கிறது என்று நினைக்கையில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், எண்ணெய்தான் நல்லது, விதை விஷம். ரிசின் என்ற புரதம் அதில் இருக்கிறது, அது எண்ணெயில் கரையாமல் சக்கையிலேயே தங்கிவிடும், சூட்டிலும் கெட்டுப்போகும். அதனால்தான் ஆமணக்குப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் வயலுக்கு உரமாகப் போடுகிறோம். வீட்டில் விதையை வாங்கி எண்ணெய் எடுக்கிறேன் என்று நீ இறங்காதே, பாப்பா தவழப்போகிற வீடு.

சரி, தலைமுடி. கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, இது தேய்த்தால் வளருமா என்று கேட்டாய். வளரும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை கண்ணு, 28 வருஷம் கிராம செவிலியராக ஊர் ஊராகப் போன உன் அம்மா சொல்கிறேன், நம்பு. கர்ப்பமாக இருக்கும்போது கொட்ட வேண்டிய முடியெல்லாம் கொட்டாமல் நின்றுவிடும், பிரசவம் ஆகி மூன்று நாலு மாதத்தில் அவ்வளவும் சேர்ந்து கொட்டும். உனக்கு இப்போது சரியாக அந்தக் கணக்குதான். பெரும்பாலும் பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்குள் திரும்ப வந்துவிடும். அதற்கு மேலும் கொட்டினால் எண்ணெயை மாற்றிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் சொல்லி இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்துவிடு.

அதற்காகத் தலைக்கு வைக்காதே என்று சொல்லவில்லை. முடி வறண்டு உடையாமல் இருக்கும், பளபளப்பு வரும். ஆனால் தனியாக ஒருபோதும் வைக்காதே. ஒரு பங்குக்கு மூன்று பங்கு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கலந்துகொள். உன் சித்திக்கு நடந்தது உனக்குத் தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. இடுப்பு வரை முடி அவளுக்கு. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் விளக்கெண்ணெயை அப்படியே கெட்டியாக அப்பி, முடியை எல்லாம் உச்சியில் சுருட்டிவைத்து ஷாம்பு போட்டுத் தேய்த்திருக்கிறாள். முடி முழுக்கக் கல் மாதிரி ஒரே கட்டியாகத் திரிந்துவிட்டது. இரண்டு நாள் நானும் அம்மாயியும் உட்கார்ந்து ஊசிமுனையால் பிரித்துப் பார்த்தோம், முடியவில்லை, கடைசியில் கத்தரியை எடுத்தவள் நான்தான், அந்தக் கை நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது. யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்று வீடே அழுதது. பறவைக்கூடு மாதிரி முடி திரிவது என்று தோல் மருத்துவர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். விளக்கெண்ணெய் தேய்த்துக் குளித்த ஒரு பெண்ணுக்கு இதே மாதிரி ஆனதை நம் நாட்டு டாக்டர்கள் 2017இல் மருத்துவ இதழில் எழுதியிருந்ததை வெகுநாள் கழித்துப் படித்தபோதுதான் எனக்கு மனசு ஆறியது. எண்ணெய் அவ்வளவு பிசுக்கு, அதுதான் காரணம். ஆகவே முதலில் சிக்கெடுத்துவிடு, கலந்த எண்ணெயை மண்டையில் விரல் நுனியால் தேய்த்து அரை மணி நேரம் விடு, அப்புறம் முடியைத் தொங்கவிட்டே மேலிருந்து கீழாக அலசு, உச்சியில் குவித்துக் கசக்காதே.

எனக்கு இந்த எண்ணெயில் உண்மையான நம்பிக்கை எல்லாம் தோலுக்குத்தான். இதில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் (விதையில் இருக்கும் ரிசின் விஷம் வேறு, இது வேறு), அந்தக் கெட்டித்தன்மைக்குக் காரணமே அதுதான். தோல் மேல் ஒரு போர்வை மாதிரி நின்று உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. அங்கே பனிக்காலம் முழுக்க ஹீட்டர் ஓடுகிறதே, உன் குதிகால் பித்தவெடிப்புக்கு இதைவிட எதுவும் தேவையில்லை. ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்திருந்து, லேசாக ஒற்றிவிட்டு, ஈரம் காயும் முன்னே தடவி பழைய சாக்ஸ் போட்டுக்கொண்டு படு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும், இது உறைய பனிக்கட்டியைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குளிர வேண்டும், அதனால் அங்கே வீட்டுக்குள் கட்டியாகாமல் அப்படியே தடவலாம். ஆனால் வீட்டில் தரை வழுக்கும், தடவிக்கொண்டு பாப்பாவைத் தூக்கி நடக்காதே.

இடுப்பு வலிக்கும் முழங்காலுக்கும் மாப்பிள்ளையைத் தேய்த்துவிடச் சொல். கிண்ணத்தை அடுப்பில் வைக்க வேண்டாம், சுடுதண்ணீரில் வைத்தால் போதும். அம்மாயி உள்ளங்கையை உள்ளங்கையோடு தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவாள், வலி குறைந்தது எண்ணெயாலா அந்தக் கையாலா என்று இன்றைக்கும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. முதல் தடவை மட்டும் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பார், சிலருக்கு அரிப்பு வரும்.

பாப்பா விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மூக்கில் விடாதே, வாயில் ஊற்றாதே, காதிலும் தொப்புளிலும் விடாதே, நாளைக்கு மாமியார் சொன்னாலும் சரி, இங்கே பெரியம்மா சொன்னாலும் சரி. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு வந்த குழந்தைகளை நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். உனக்கே பள்ளிக்கூட லீவில் காலையில் விளக்கெண்ணெய் கொடுத்து, பேதி ஆனபிறகு ரசம் சோறு ஊட்டியிருக்கிறேன். அப்போது எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம், இன்றைக்கென்றால் நான் செய்யமாட்டேன். மன்னித்துக்கொள் கண்ணு.

ஒன்பதாம் மாதத்தில் இருக்கும் உன் தோழி வலி வர இதைக் குடிக்கலாமா என்று கேட்டாளே, வேண்டாம் என்று சொல். ரிசினோலிக் அமிலம் குடலை முறுக்குவது போலவே கருப்பையையும் முறுக்கும், உடம்பில் அது போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் இடத்தையே (ஏற்பி என்பார்கள்) எலியில் வைத்து 2012இல் ஜெர்மனியில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். அளவு யார் கையிலும் இல்லை. அவள் டாக்டரைக் கேட்கட்டும்.

அடுத்த முறை பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்தால் எனக்காக ஒன்று கேட்டுச் சொல். அவர்கள் வறுத்த விதையின் சாம்பலையும் எண்ணெயோடு சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டேன், அது எதற்கு என்று. அம்மாயி சேர்த்ததில்லை. நான் ஒரு டப்பா வீட்டு மஞ்சள்தூள் அனுப்புகிறேன், அவர்களுக்குப் பாதி கொடு.

பாப்பாவின் உள்ளங்காலில் ஒரு முத்தம்.

அம்மா