செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வடதுருவப் பக்கத்து இரவு வானில் ஆடும் துருவ ஒளியைப் படமெடுக்கும் நமது ஒளிப்படக் கழகத்தின் வேலை இந்த ஆண்டும் பெரும்பாலும் இருட்டில்தான் நடந்தது. செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் நமக்குப் பருவம். மே நடுப்பகுதி வந்துவிட்டால் வட நோர்வேயில் உள்ள நம் ட்ரொம்சோவில் சூரியன் மறைவதேயில்லை. அதற்கு முன்பே இரவு வெளிறிவிடும். அதனால்தான் மே 10 அன்று, 2003-க்குப் பிறகு வந்த மிகப் பெரிய சூரியப் புயல் கிளப்பிய துருவ ஒளியை நாம் கோட்டைவிட்டோம். லடாக்கின் ஹான்லேயில்கூட கமெராக்களில் சிவப்பு ஒளி பதிந்தது. துருவ ஒளிக்குப் பேர்போன இடத்தில் இருக்கும் நமக்கோ வெளிச்ச வானம்தான். "படம் எங்கே?" என்று கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

பனிக்கால வெளிக்களப் பயணங்களில் பாதி மேகத்தோடு போனது. கடலோரத்தில் மூடியிருந்தால் உள்நாட்டுப் பக்கம் இருக்கும் ஷீபோத்ன் ஊருக்கு வண்டியை விடுங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். மலைகள் ஈரக்காற்றைத் தடுப்பதால் அங்கே வானம் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, செயலியில் கேபி எண் (பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று 0 முதல் 9 வரை காட்டும் அளவு) 2 என்று பார்த்துவிட்டுப் போர்வைக்குள் போகாதீர்கள். துருவத்தைச் சுற்றித் துருவ ஒளி தோன்றும் வளையம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது, நமக்கு 2 போதும். அப்படி வீட்டிலிருந்த சிலர் மறுநாள் மற்றவர்களின் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது எனக்குத் தெரியும்.

இனி என் சொந்தக் கதை. ஜனவரியில் ஒரு நல்ல இரவு. திரை போல ஒளி ஆடியது. நானும் விடாமல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், ஒவ்வொரு படத்தின் நடுவிலும் குளத்தில் கல் போட்டது போல வட்ட வட்டமாக வளையங்கள்! லென்ஸைக் காக்க மாட்டியிருந்த யூவி வடிகட்டியின் வேலை அது. துருவ ஒளியின் பச்சை, ஆக்சிஜன் அணுக்கள் 557.7 நானோமீட்டர் என்ற ஒரே அலைநீளத்தில் உமிழ்வது. அந்த ஒற்றை நிறம் வடிகட்டியின் இரண்டு தட்டைப் பரப்புகளுக்கு நடுவே எதிரொளித்துத் தன்னோடு தானே குறுக்கிட்டு வளையமாகப் பதிகிறது. ஒரு இரவு முழுவதும் வீண். வண்டியை விட்டு இறங்குமுன் வடிகட்டியைக் கழற்றுங்கள்.

மற்ற இழப்புகள் எல்லோரும் அறிந்தவைதான். லென்ஸில் வெகுதூரத்தைக் குறிக்கும் முடிவிலிக் குறியை நம்பிக் குவியம் வைத்து, நட்சத்திரங்களைப் பஞ்சுருண்டையாக்கிக்கொண்டு வந்தவர்கள் இருவர். கமெராத் திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பெருக்கிப் பார்த்துக் குவியம் வைத்து, லென்ஸின் குவிய வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டால் சரி. மாற்று பற்றரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும். வீட்டுக்குள் வருமுன் கமெராவைப் பையில் போட்டு இறுக மூடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வந்ததும் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும்.

ஆண்டுக் கண்காட்சிக்குப் படம் தெரிவு செய்த கூட்டம் கொஞ்சம் சூடானது. நிறத்தை எவ்வளவு ஏற்றலாம் என்பதுதான் வழக்கு. மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, சாம்பல் புகையாகத்தான் தெரியும். கமெராவோ ஐந்து விநாடி திறந்திருந்து பச்சையைச் சேகரித்துவிடும். அதில் பொய் ஒன்றுமில்லை. அப்புறம் கணினியில் அதைக் கிளிப்பச்சையாக்குவதுதான் பொய் என்பது என் கருத்து. செயற்குழுவில் எல்லோரும் இதை ஏற்கவில்லை. கடைசியில், திருத்தாத மூலக் கோப்பையும் சேர்த்துத் தர வேண்டும் என்று முடிவானது. ஒளி வேகமாக ஆடும்போது 15 விநாடி திறந்து வைத்தால் கதிர்கள் எல்லாம் கரைந்து கஞ்சியாகிவிடும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஐஎஸ்ஓவை (கமெராவின் ஒளியுணர்வு அளவை) ஏற்றி, இரண்டு விநாடிக்குள் எடுங்கள்.

நவம்பரில் வரலாற்று மாலை ஒன்று நடத்தினோம். 1892-இல் வட நோர்வேயின் அல்தாவில் உள்ள பொசெகொப்பில் ஜெர்மானியரான மார்ட்டின் பிரெண்டல் எடுத்த முதல் துருவ ஒளிப் படம் பற்றியும், அதே இடத்துக்கு 1910-இல் வந்த நோர்வே கணிதவியலாளர் கார்ல் ஸ்டோர்மர் பற்றியும் பேசினோம். தொலைபேசியில் இணைந்த இரண்டு இடங்களிலிருந்து ஒரே நொடியில் படமெடுத்து, ஒளியின் உயரத்தைக் கணக்கிட்டவர் அவர். அடுத்த பனிக்காலம் நாமும் இரு குழுவாகப் பிரிந்து இதைச் செய்து பார்க்கலாம் என்று ஓர் யோசனை எழுந்தது. விருப்பமுள்ளவர்கள் பெயர் தரலாம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கடைசியாக, கழகத்தின் 14 மி.மீ. லென்ஸ் பெப்ரவரியிலிருந்து காணவில்லை. யாரிடம் இருக்கிறதோ, தேநீர் இடைவேளையில் என் மேசையில் வைத்துவிடுங்கள். கேள்வி கேட்கமாட்டேன்.