ரிசல்ட் வந்த வாரமே வீட்டுக்குப் போங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரில் எங்கள் தெருப் பையன் ஒருவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறிவிட்டான். துணைத்தேர்வு எழுதச் சொல்லி எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். இப்போது துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறான். தினமும் கையில் காசு வந்து பழகிவிட்டால், அப்புறம் பள்ளிக்கூடப் பக்கம் எப்படித் திரும்புவான்?

கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். நல்ல திட்டங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பணம் மேற்படிப்பில் சேர்ந்த பிறகுதான் வரும். நடுவில் படிப்பை விட்ட பிள்ளைக்கு எட்டாது.

ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாவது தேறியிருந்தாலே போதும். எங்கள் தெருவில் நான் கேட்ட ஒருவருக்கும் இது தெரியவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பத்தாம் வகுப்பு முடிவு வருவதும் அந்த நாட்களில்தான். அப்பாமார்கள் கரையில் இருப்பார்கள். தவறிய பிள்ளைகளின் பட்டியலோடு ஆசிரியர்களும் ஐடிஐக்காரர்களும் மீனவர் குப்பங்களுக்கே வந்து, துணைத்தேர்வு விண்ணப்பத்தையும் சேர்க்கைப் படிவத்தையும் அங்கேயே நிரப்பித் தரலாம். மாவட்ட நிர்வாகம் இதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.

அந்தப் பையனை நானே ஐடிஐக்கு அழைத்துப் போகப் போகிறேன். வர ஒப்புக்கொண்டிருக்கிறான்.

— ஒரு வாசகர், கடலூர் முதுநகர்