எங்கள் பில் இனி வேறு மாதிரி இருக்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வரும் ஏப்ரல் முதல், உங்கள் விளம்பர வேலைகளைச் செய்துதரும் நாங்கள் உங்களிடம் பணம் வாங்கும் முறை மாறுகிறது. இணைய விளம்பர வேலைக்கு இனி மாதக் கட்டணம். பத்திரிகை விளம்பரத்தில் எங்களுக்குக் கிடைக்கும் கமிஷன் எவ்வளவு என்பதும் பில்லில் தனி வரியாக இருக்கும். "இத்தனை நாள் டிசைனுக்கெல்லாம் காசு கேட்டதில்லையே, இப்போது என்ன?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இந்த மடல்.

பழைய கணக்கு இதுதான். நாளிதழில் ஒரு லட்சம் ரூபாய்க்கு விளம்பரம் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐ.என்.எஸ். எனப்படும் இந்தியப் பத்திரிகைச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற விளம்பர நிறுவனம் வழியாக அது போனால், 15% கமிஷன், அதாவது 15,000 ரூபாய், அந்த நிறுவனத்துக்கு. மீதி 85,000 பத்திரிகைக்கு. வாசகம் எழுதுவது, படம் எடுப்பது, ஜரிகையின் நிறம் அச்சில் மங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது, தள்ளுபடியை 20லிருந்து 25 ஆக்குங்கள் என்று கடைசி நேரத்தில் நீங்கள் போன் செய்தால் மாற்றி அனுப்புவது, எல்லாமே அந்த 15,000க்குள் அடங்கிவிடும். இலவசம் என்று எதுவும் இருந்ததில்லை. உங்கள் பணத்திலிருந்துதான் அது வந்தது, பத்திரிகை வழியாக வந்ததால் கண்ணில் படவில்லை.

இந்த ஏற்பாடு மிகப் பழையது. 1840களில் பிலடெல்பியாவில் வால்னி பாமர் என்பவர் பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்துத் தரகு வாங்கினார். அந்தத் தரகுதான் நாளடைவில் 15% என்று நிலைத்தது. 1956இல் அமெரிக்க அரசின் நீதித்துறை தலையிட்ட பிறகு அங்கே கட்டாயக் கமிஷன் முறை தளர்ந்தது. 1960இல் புகழ்பெற்ற விளம்பரக்காரர் டேவிட் ஓகில்வி, ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் விளம்பர வேலையைக் கமிஷன் இல்லாமல் நேரடிக் கட்டணத்துக்கு எடுத்தபோது தொழிலில் பெரிய பேச்சாக இருந்தது. நம் ஊர்ப் பத்திரிகை உலகில் 15% இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஆனால் உங்கள் விளம்பரப் பணம் இப்போது பத்திரிகைக்கு மட்டுமா போகிறது? கூகுளுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் போகிறது. அங்கே அந்த 15% கிடையாது. அதனால் பல நிறுவனங்கள் செலவழிக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று வாடிக்கையாளரிடமே வாங்குகின்றன. இது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறோம்.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்குக் கூகுளில் விளம்பரம் போடுகிறது. "பட்டுப் புடவை" என்று தேடுபவருக்குக் காட்டச் சொல்கிறோம். அப்படியே விட்டால் "பட்டுப் புடவை துவைப்பது எப்படி", "பட்டுப் புடவை கடையில் வேலை" என்று தேடுகிறவர்களும் வந்து தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் கடைக்காரர் பணம் கட்ட வேண்டும். யார் என்ன தேடி வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து, வேண்டாத சொற்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். கடைக்கு நேரில் வரக்கூடியவர்கள் இருக்கும் ஊர்களோடு விளம்பரத்தை நிறுத்த வேண்டும். உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. ஒழுங்காகச் செய்தால் பல நேரம் செலவு குறையும். சதவீதக் கணக்கில் பார்த்தால், நாங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறோமோ அவ்வளவு எங்கள் வருமானம் குறையும். அப்படி ஓர் ஏற்பாட்டில் இருந்துகொண்டு "பட்ஜெட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள் அண்ணாச்சி" என்று சொன்னால் நீங்கள் எப்படி நம்புவீர்கள்?

இந்த நம்பிக்கைப் பிரச்சினை பெரிய இடங்களிலும் இருக்கிறது. அமெரிக்காவில் விளம்பரதாரர்களின் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, ஊடகங்களிடமிருந்து விளம்பர நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர் அறியாமல் கழிவுத் தொகை திரும்பி வருவதைப் பேசியது. இங்கே 2025 மார்ச்சில், கட்டணங்களைக் கூடிப் பேசி நிர்ணயித்தார்களா என்ற சந்தேகத்தில், இந்தியப் போட்டி ஆணையம் சில பெரிய விளம்பர நிறுவனங்களின் அலுவலகங்களில் சோதனை நடத்தியது. நாங்கள் சிறிய நிறுவனம்தான். ஆனாலும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்காமல் வைப்பது எங்கள் கடமை.

மணிக்கணக்கில் பில் போடலாமா என்றும் யோசித்தோம். ஒரே டிசைனைப் பத்து அளவுகளுக்கு மாற்றும் வேலையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது சீக்கிரம் முடித்துவிடுகின்றன. மணிக்குக் காசு என்றால், மெதுவாகச் செய்கிறவருக்குத்தான் லாபம். விற்பனையில் பங்கு என்பதும் ஜவுளி, நகை போன்ற கடைகளுக்கு ஒத்துவராது. கூட்டம் வந்தது விளம்பரத்தாலா, முகூர்த்த நாளாலா என்று யார் பிரித்துச் சொல்வது? விசாரணை அழைப்புகளை எண்ணிப் பார்க்க முடிகிற பயிற்சி மையம், பல் மருத்துவமனை போன்ற வாடிக்கையாளர்கள் விரும்பினால் அதைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

ஆக, இணைய வேலைக்கு மாதம் ஒரு நிலையான தொகை. செலவு கூடினாலும் குறைந்தாலும் அது மாறாது. பத்திரிகையில் வரும் விளம்பரத்துக்கு டிசைன் கட்டணம் கிடையாது, கமிஷன்தான் அதற்கான கூலி. பெரிய அளவில் போட்டால் எங்களுக்கு வரவு கூடும் என்பது உண்மை. அதனால் ஒவ்வொரு முறையும் இரண்டு அளவுகளுக்கு விலை எழுதித் தருவோம், எது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

இன்னொன்று, இது முக்கியம். கூகுள், ஃபேஸ்புக் விளம்பரக் கணக்குகள் இனி உங்கள் பெயரில், உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணில்தான் இருக்கும். அப்போதுதான் விளம்பரத்துக்குக் கட்டும் 18% ஜி.எஸ்.டி.க்கு நீங்கள் உள்ளீட்டு வரவு எடுக்க முடியும், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாறினாலும், இதுவரை சேர்ந்த விவரமெல்லாம் உங்களோடு வரும். எங்கள் பெயரில் இருக்கும் கணக்குகளை மாற்றித்தர மார்ச் மாதத்துக்குள் எங்கள் ஆள் கடைக்கு வருவார். ஜி.எஸ்.டி. சான்றிதழ் நகலும், கணக்கில் சேர்க்க ஒரு மின்னஞ்சல் முகவரியும் தயாராக இருந்தால் போதும். உங்களுக்கான மாதக் கட்டணம் எவ்வளவு என்ற தாளையும் அவரே கொண்டுவருவார். தொகை ஒத்துவரவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள், கூப்பிடுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

இப்படிக்கு,
நிறுவனப் பங்குதாரர்கள்