ரீப்பரை மட்டும் மாற்றுங்கள், அப்பா

மவுன்ட் டோரா, ப்ளோரிடா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? ஏற்காட்டில் இந்நேரம் பனி இறங்கியிருக்கும். விடிகாலையில் ஸ்வெட்டர் போடாமல் பால் வாங்கப் போகாதீர்கள்.

தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடப் போவதாகத் தம்பி போனில் சொன்னான். அன்றிலிருந்து எனக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

இதுவும் ஏரிக்கரை ஊர்தான், அப்பா. பெயரில் மலை இருந்தாலும் உயரம் 184 அடிதான். தட்டையான ப்ளோரிடாவில் அதுவே மலை. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடிந்ததும் ஏரிக்கரை வழியாகத்தான் வீடு திரும்புகிறேன். தண்ணீர்மேல் மூடுபனி நிற்கும்போது படகுத் துறையில் நீங்கள் நிற்பதுபோலவே இருக்கும்.

கடைவீதியில் டானலி வீடு இருக்கிறது. 1893-ல் கட்டிய மர வீடு. கட்டியவரே பிற்பாடு ஊரின் முதல் மேயர் ஆனார். கூரை விளிம்பு முழுக்க மரத்தில் அறுத்த பூவேலை. நீங்கள் பார்த்தால் சாப்பாட்டை மறந்து அங்கேயே நிற்பீர்கள். ஏரியைப் பார்த்த லேக்சைடு இன் விடுதி 1883-ல் பத்து அறைகளோடு தொடங்கியது. முன்னாள் ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜ் 1930-ல் வந்து தங்கியிருக்கிறார். இன்றைக்கும் அது விடுதிதான். அதன் தாழ்வாரத்து ஆடும் நாற்காலியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்திருந்தேன்.

1915-ல் கட்டிய ரயில் நிலையத்தில் இப்போது வணிகர் சங்க அலுவலகம் நடக்கிறது. 1923-ல் தீயணைப்பு நிலையமும் சிறையுமாக இருந்த கட்டடம் ஊரின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம். எதையும் பூட்டிப்போடவில்லை. ஆள் புழங்குவதால்தான் இவையெல்லாம் நிற்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஏரி முனையில் உள்ள 35 அடிக் கலங்கரை விளக்கம் மட்டும் புதியது, 1988-ல் எழுப்பியது.

ஒன்றை உங்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டின் தாழ்வாரத் தூண் அடியில் உளுத்துப்போயிருந்தது. இந்த ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் மரம் தாங்குவது கஷ்டம். தச்சர் தூணைப் பிடுங்கவில்லை. கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, உளுத்த ஒரு முழத்தை மட்டும் சாய்வாக அறுத்து எடுத்தார். அதே சாய்வில் புதுத் துண்டைச் செதுக்கிப் பொருத்தி, மர ஆணி இறக்கினார். இழைத்து முடித்ததும் விரலால் தடவிப் பார்த்தேன். இணைப்பு தட்டுப்படவே இல்லை. எஸ்டேட் பங்களா ஜன்னல்களுக்கு நீங்கள் செய்ததும் இதுதானே? "உளுத்ததை எடு, உயிருள்ளதைத் தொடாதே" என்று சொல்லித்தானே உளியை என் கையில் கொடுத்தீர்கள்? என் அப்பாவும் தச்சர் என்று அவரிடம் சொன்னேன். அங்கே என்ன மரம் என்று கேட்டார். தேக்கு, பலா என்று சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காலத்து ஏற்காடு கிரேஞ்ச் பங்களாவைக் காட்டி, இருநூறு வருஷம் ஆகப்போகிறது என்று பெருமையாகச் சொல்வீர்கள். நம் வீட்டுக்கு அந்த வயது இல்லை. ஆனால் அந்த நிலைப்படியைத் தாத்தா தன் கையால் இழைத்தார். வீட்டுக்குள் மழை இறங்குவதற்கு ஓடு காரணமில்லை, ஓட்டைத் தாங்கும் மெல்லிய சட்டமான ரீப்பர் இற்றுப்போனதுதான் காரணம் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ரீப்பருக்குக் கீழே கூரையைத் தாங்கும் கைமரம் இன்னும் உறுதியாகத்தான் இருக்கும். ஒருமுறை உளியின் பிடியால் தட்டிப் பாருங்கள்.

தம்பியின்மேல் கோபப்படாதீர்கள். கல்யாணத்துக்கு முன் நல்ல வீடு வேண்டும் என்று அவன் நினைப்பதில் தப்பில்லை. ஒரு நாள் அவனையும் கூரைமேல் ஏற்றுங்கள். உடைந்த ஓடு எத்தனை என்று அவனே எண்ணி எனக்கு எழுதட்டும். ஓட்டுக்கும் ரீப்பருக்கும் ஆகும் பணத்தை இந்த மாதக் கடைசியில் அனுப்புகிறேன். பின்கட்டில் அவனுக்கு ஓர் அறை எடுக்கவும் சேர்த்தே அனுப்புகிறேன்.

அம்மாவிடம் கறிவேப்பிலைச் செடி பிழைத்துக்கொண்டது, நான்காவது கொத்து விட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

அன்பு மகள்