“சாத்தியமே இல்லை” என்று சொல்லும் பகுத்தறிவுத் தோழர்களுக்கு

அன்புள்ள தோழர்களே,

நானும் கடவுள் நம்பிக்கை இல்லாதவன்தான். உங்கள் மேடைப் பேச்சிலும் எழுத்திலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியத்தைக் கைவிடும்படி கேட்கத்தான் இதை எழுதுகிறேன்: “கடவுள் இருக்கச் சாத்தியமே இல்லை, தர்க்கம் அதை நிரூபித்தாகிவிட்டது.”

ஒன்றை இருக்கவே முடியாதது என்று தள்ளத் தர்க்கத்துக்கு ஒரே வழிதான் உண்டு. அதற்குள் முரண் இருப்பதைக் காட்ட வேண்டும். நான்கு பக்கமுள்ள முக்கோணத்தை யாரும் தேடிப் பார்த்துவிட்டு மறுப்பதில்லை. கடவுள் விஷயத்தில் அப்படி ஒரு முரணை நாம் காட்டியிருக்கிறோமா? தன்னாலேயே தூக்க முடியாத கல்லை எல்லாம் வல்லவர் படைப்பாரா என்ற கேள்விக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் முரணானது எதுவும் வல்லமையின் எல்லைக்குள் வருவதே இல்லை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுதிவிட்டார். அந்தப் பதிலை உடைக்காமல் கேள்வியை மட்டும் மறுபடி வீசுவது வாதமாகாது.

தீமை பற்றிய வாதம் இதைவிடப் பன்மடங்கு கனமானது. எல்லாம் வல்ல, முழுக்க நல்ல கடவுளும் உலகில் உள்ள தீமையும் சேர்ந்திருப்பது தர்க்கப்படி முரண் என்று 1955இல் தத்துவ அறிஞர் ஜே. எல். மேக்கி வாதிட்டார். தெரிவு செய்யும் சுதந்திரத்தை முன்வைத்து, இரண்டும் முரணின்றிச் சேர்ந்திருக்க இடமுண்டு என்று கிறித்தவத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளாண்டிங்கா பதில் சொன்னார். மேக்கியின் மறைவுக்குப் பிறகு 1982இல் வெளியான அவருடைய நூலைப் பாருங்கள். இறைக்கொள்கையின் மையக் கருத்துகள் ஒன்றோடொன்று தர்க்கப்படி முரண்படுவதைத் தீமைப் பிரச்சினை காட்டிவிடவில்லை என்று அதில் ஒத்துக்கொள்கிறார். கடைசிவரை இறைமறுப்பாளராகவே இருந்தவர் அவர். 1979இல் இறைமறுப்புத் தத்துவ அறிஞர் வில்லியம் ரோவும் அதே திசையில்தான் போனார்: கடுந்துன்பம் கடவுளை நம்பத்தகாததாக்குகிறது என்றார், முடியாததாக்குகிறது என்று சொல்லவில்லை. நம் தரப்பின் கூர்மையான மூளைகள் விட்டுக்கொடுத்த இடத்தில் நாம் ஏன் இன்னும் நின்றுகொண்டிருக்க வேண்டும்?

“காணவில்லை, ஆகவே இல்லை” என்பதும் அவ்வளவு எளிதல்ல. இருந்தால் கண்ணில் பட்டே தீர வேண்டிய பொருள் என்றால் மட்டும்தான், காணாமை அதன் இன்மைக்குச் சான்றாகும் என்று இந்திய அளவை (தர்க்க) மரபு வகுத்திருக்கிறது. தரையில் பானை இருந்தால் பார்த்திருப்போம், அதனால் இல்லை என்கிறோம். இந்த விதியை வைத்தே 10ஆம் நூற்றாண்டில், கடவுள் உண்டு என்று வாதிட்ட நியாய அறிஞர் உதயனர், காணாததை இல்லை என்ற சார்வாகரை (உலகாயதரை) மறித்தார். அதே விதி நமக்கும் ஓர் ஆயுதம் தருகிறது என்பதைக் கவனியுங்கள். வேண்டுதலுக்குப் பதில் தருவார், நோயைத் தீர்ப்பார் என்று சொல்லப்படும் கடவுள் சோதனைக்கு உட்பட்டவர். அங்கே காணாமைக்கு எடை உண்டு.

சாத்தியத்தை ஒப்புக்கொண்டால் எதிர்த்தரப்பு உள்ளே நுழைந்துவிடுமே என்று நீங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. உண்மையிலேயே அப்படி ஒரு வாதம் இருக்கிறது, அதையும் 1974இல் பிளாண்டிங்காதான் செம்மைப்படுத்தினார். கடவுள் என்றால் இல்லாமல் இருக்கவே முடியாதவர். அப்படி ஒருவர் சாத்தியம் என்றால், ஏதோ ஒரு சாத்திய உலகில், அதாவது உலகம் இருந்திருக்கக்கூடிய ஏதோ ஒரு விதத்தில், இருக்கிறார். அவருடைய இயல்பால் எல்லாச் சாத்திய உலகிலும் இருக்க வேண்டும், ஆகவே இங்கேயும் இருக்கிறார். சாத்தியம், கட்டாயம் ஆகியவற்றைக் கையாளும் எஸ்5 என்ற தர்க்க முறையில் இந்தப் படிகளில் பிழையே கிடையாது! ஆனால் அதே முறையில், அப்படி ஒருவர் இல்லாதிருப்பது சாத்தியம் என்று தொடங்குங்கள், அவர் எந்த உலகிலும் இருக்க முடியாது என்று முடியும். தர்க்கம் இரண்டு பக்கமும் ஒரே நேர்மையுடன் நடக்கிறது, தொடக்கக் கூற்றை அது நமக்குத் தருவதில்லை. எனவே “எனக்குத் தெரிந்தவரை இருக்கலாம்” என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். “இருக்கக்கூடியவர் என்று நிலைநாட்டியாயிற்று” என்பது வேறு கூற்று, அதற்குத் தனியே சான்று கேளுங்கள்.

அந்த முதல் ஒப்புதலைத் தவிர்க்க முடியாது என்றே நினைக்கிறேன். நிகழ்தகவுக் கணக்கில், ஒரு கருத்துக்குப் பூஜ்யம் என்று தொடங்கினால், சான்றுக்கேற்ப நிகழ்தகவைத் திருத்தும் பேயஸ் விதிப்படி எந்தச் சான்று வந்தாலும் அது பூஜ்யமாகவே இருக்கும். தர்க்க முரணைத் தவிர வேறெதற்கும் பூஜ்யம் போடாதீர்கள் என்று புள்ளியியல் அறிஞர் டென்னிஸ் லிண்ட்லி வலியுறுத்தியது அதனால்தான். எவ்வளவு சிறிய எண்ணும் போடலாம். நான் போடுவது மிக மிகச் சிறியது. சாத்தியத்தை மறுக்காததால் கடவுளைப் பாதி ஒத்துக்கொண்டாய் என்று நம்பிக்கையாளர் யாராவது சொன்னால், அந்த எண்ணைக் காட்டுங்கள்.

படைப்புக் கடவுளை ஏற்காத பௌத்தத்தைப் பேசும் மணிமேகலை, ஏதுப்போலி (பிழையான காரணம்), பக்கப்போலி (பிழையான முடிவுக் கூற்று) என்று பிழையான வாதங்களை வகைபிரித்தே ஒரு காதையில் நிறைய இடம் செலவிடுகிறது. அந்தக் கண்டிப்பை நம் வாதங்கள் மீதும் செலுத்த வேண்டுகிறேன். அடுத்த முறை “நிரூபணம்” என்று எழுதுமுன், எந்தக் கடவுளைச் சொல்கிறீர்கள், எந்த இரண்டு கூற்றுகள் முரண்படுகின்றன என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள். எழுத முடியாத இடத்தில் “நம்பப் போதிய காரணம் இல்லை” என்று போடுங்கள்.

தோழமையுடன்,
உங்களில் ஒருவன்